கருவாட்டு விலையும் பேராசிரியர் ஐயாவின் விதியும்

மரக்காணம்

மதிப்புக்குரிய பேராசிரியர் சிவப்பிரகாசம் ஐயா அவர்களுக்கு, உங்களிடம் ஆராய்ச்சி படிக்கும் செந்தமிழின் அம்மா கொளஞ்சியம்மாள் கும்பிட்டு எழுதுவது. இங்கே வெயில் நன்றாகக் காய்கிறது, உப்பளத்தில் உப்பும் நன்றாக விளைகிறது. அங்கே வீட்டில் எல்லாரும் சுகந்தானே.

ஐயா, எங்க வீட்டுக்காரர் மழைக்காலத்தில் தவறியதிலிருந்து செந்தமிழ் காலேஜுக்குத் திரும்பவில்லை. "உன்னைத் தனியா வுட்டுட்டு எப்படிம்மா போவேன்" என்று ஒரே அடம். அப்படி என்னதான்டி படிப்பு என்று கேட்டேன். "ஒரு சாமானை எந்த நாட்டுல வாங்குனாலும், காசை மாத்திப் பாத்தா ஒரே வெலை வரணும்மா. நடுவுல ஏறி எறங்குனாலும் மெல்ல மெல்ல ஒண்ணா வந்துடணும். ஒரு நாட்டை மட்டும் பாத்தா தெரியாது, நெறைய நாட்டை நெறைய வருஷத்துக்குச் சேத்துப் பாக்கணும், அதுக்குப் பேரு பேனல்"னாள். இதுக்கா இத்தனை வருஷம், நானே பார்த்துச் சொல்லிடுறேன்னு பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டேன். சாமான், நெத்திலிக் கருவாடு. இங்கே கருவாடு விக்கிற சின்னப்பாப்பாகிட்ட விலை கேட்டால், என் நெற்றியைப் பார்த்து அழுதுட்டு, "உன்கிட்ட காசு வாங்குனா என் கை வெளங்குமாக்கா?"ன்னு சும்மா அள்ளிப் போட்டாள். கீழ்புத்துப்பட்டில் பாதி விலை, அங்கேயும் தெரிஞ்சவங்க. கிளியனூரில் கருவாட்டோட கத்திரிக்காயும் கொடுத்து பஸ் ஏத்திவிட்டாங்க. "இது வெலை இல்லம்மா, பரிதாபம்" என்று செந்தமிழ் தலையில் அடிச்சுக்கிட்டாள். கடைசியில் யாருக்கும் என்னைத் தெரியாத பொம்மையார்பாளையம் போனேன். "இது நெத்திலியா, தொடப்பக்குச்சியா?"ன்னேன். கடைக்காரர், "கூட்டிப் பாரு, குப்பை வந்தா தொடப்பம், இல்லன்னா நடையைக் கட்டு"ன்னார். விடுவேனா. மழைக்காலத்துக்கப்புறம் அன்னிக்குத்தான் ஒருத்தர் என்கிட்ட சண்டை போட்டார். வீட்டுக்கு வந்து வயிறாரச் சோறு தின்னேன்.

ஆகையால் உங்கள் விதி எங்கள் பக்கத்தில் செல்லாது ஐயா. ஆனால் நான் தேறிட்டேன்னு சொன்னா இவள் நம்பமாட்டேங்கிறாள். நீங்களே ஒரு அதட்டல் போட்டுக் கூப்பிட்டுக்கோங்க. உங்கள் வீட்டில் உப்புக்கும் சோற்றுக்கும் குறைவில்லாமல் அய்யனாரப்பன் பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
கொளஞ்சியம்மாள்

பி.கு.: மேலே எழுதியதை அடிச்சிடுங்க. இதைத் தபாலில் போடப் போற வழியில் சின்னப்பாப்பாகிட்ட கருவாடு கேட்டேன். முழு விலை சொன்னாள்! கொசுறு கேட்டதுக்கு, "எத்தினி நாளைக்கிக்கா சும்மா குடுப்பேன், எனக்கும் வவுறு இருக்குதுல்ல"ன்னாள். தெருவே கூடுற அளவுக்குச் சண்டை. விலை பழைய இடத்துக்கே வந்துடுச்சு ஐயா, உங்க விதி சரிதான். சத்தம் கேட்டு ஓடிவந்த செந்தமிழ், எங்க ரெண்டு பேரையும் பார்த்து அழுதுகிட்டே சிரிச்சாள். இப்போ பெட்டி கட்டுறாள். இந்தக் கடிதமும் அவள் கையிலேயே வருது, கூட ஒரு பொட்டலம் கருவாடும். அதுக்குக் காசு கொடுத்தனுப்பாதீங்க. உங்க விதி கொஞ்சம் கெட்டாலும் பரவாயில்லை.