வற்றாத் தகடு

எமரால்டு அணை அந்தத் தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளின் வாசலிலிருந்தே தெரியும். தெரிவதோடு சரி. குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்பது குழாய்க்கே தெரியாது. அப்படிப்பட்ட இடத்துக்கு, "உங்கள் டிரம் இனி வற்றாது!" என்று ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஒருவர் வந்தால் கூட்டத்துக்கா பஞ்சம்? காய்ச்சல் என்று லீவு போட்டவர்கள்தான் முதல் வரிசையில் நின்றார்கள்.

வந்தவர் கங்கைச் சித்தர். இடுப்பில் காவி, மேலே கம்பளி ஸ்வெட்டர். கங்கையையே கட்டியாண்டவருக்கு நீலகிரிக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, பாவம். அவர் மந்திரித்த செப்புத் தகட்டை டிரம்மின் அடியில் போட்டால் தண்ணீர் தீராது. காணிக்கை, முட்டையிடும் கோழி ஒன்று. சேவல் கொண்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். கங்கைக்குச் சேவல் ஆகாதாம்.

தகட்டோடு நியமமும் உண்டு. அந்த லைனில் ஒரு வழக்கம். குழாய் 'புஸ்' என்று காற்று விட்டதுமே, புதுத் தண்ணீர் வருகிறது என்று டிரம்மைக் கவிழ்த்துப் பழைய தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிடுவார்கள். பல நாள் காற்று மட்டும் வந்துவிட்டுப் போய்விடும். "பழைய தண்ணீரைக் கொட்டினால் கங்கை கோபிப்பாள்" என்றார் சித்தர். ஆளுக்கு ஒரு வாளியில் குளியல், அரிசி களைந்த தண்ணீர் கேரட் பாத்திக்கு. அப்படி நடந்தால்தான் தகடு வேலை செய்யும்.

அந்த லைனில் குடியிருந்த ஆறுக்குட்டி மனைவியைக் கேட்கவில்லை. செவலைக் கோழியைப் பிடித்துக் கொடுத்துவிட்டுத் தகட்டோடு வீட்டுக்கு வந்தார்.

"ஏனுங்க, செவலை எங்கீங்க?" என்றாள் காளியம்மாள்.

"கங்கைக்குக் கொடுத்துட்டேன் புள்ள."

"கங்கை என்ன புள்ளத்தாச்சியா? நம்ம புள்ள பிரசவத்துக்கு வரப்போறா. அவளுக்கு முட்டை கொடுக்கோணும்னு வெச்சிருந்தனுங்க." காலிக் கூடையை அவர் முன்னால் கவிழ்த்து வைத்தாள். ஆறுக்குட்டிக்கும் உள்ளே சுருக்கென்றது. ஆனால் அற்புதத்துக்கு முன்னால் சுருக் எம்மாத்திரம்?

அன்றிலிருந்து நியமம் தவறவில்லை. குழாய் புஸ் என்றாலும் யாரும் டிரம்மைத் தொடவில்லை. டிரம்மில் தண்ணீர் நின்றது! ஆறுக்குட்டி தினமும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, போவோர் வருவோரிடமெல்லாம் தகட்டின் மகிமையைப் பாடினார். எப்போதும் கடகடவென்று ஆடும் பெஞ்ச், அந்த வாரம் ஆடாமல் நின்று கேட்டது. அதை அவர் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் தகட்டின் மகிமையைக் காட்டச் சித்தர் கூட்டிய பெருங்கூட்டம். சித்தரின் சீடன் நஞ்சப்பன் கோழிக் கூடைகளை ஊட்டிக்குப் போகும் வேனில் ஏற்றிக்கொண்டிருந்தான். மேடையில் சித்தரின் குழாய் வைத்த டிரம் ஒன்று, உள்ளே தகடு. ஆறுக்குட்டி மைக்கைப் பிடித்தார்.

"எங்க ஊட்டு டிரம்மு இன்னும் பாதிக்கு மேல இருக்குதுங்க! எல்லாம் தகட்டோட சத்தி!"

கைதட்டல். கூட்டத்தை விலக்கிக்கொண்டு காளியம்மாள் வந்தாள். மடியிலிருந்து தகட்டை எடுத்துத் தூக்கிக் காட்டினாள்.

"அந்தத் தகடு இதுதானுங்க. வந்த அன்னைக்கே எடுத்துப் பெஞ்சுக் காலுக்கு அடியில வெச்சுட்டேன். இவரு வாரம் பூராவும் அது மேலதான் உக்காந்திருந்தாரு."

ஆறுக்குட்டியின் கை தன்னையறியாமல் பின்பக்கம் போனது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"தகடு டிரம்மை விட்டுப் போனதால்தான் தண்ணீர் குறைந்தது!" என்று சமாளித்தார் சித்தர்.

"அப்ப உங்க டிரம்முல தகடு இருக்குதல்லங்க? பார்த்துருவோம்." காளியம்மாள் மேடையேறி டிரம்மின் குழாயைத் திறந்துவிட்டாள்.

தண்ணீர் கொட்டியது. சித்தர் மந்திரம் சொன்னார். தண்ணீர் காது கொடுக்கவில்லை. மேடை நனைந்தது, காவி நனைந்தது, கடைசியில் குழாய் சொட்டி ஓய்ந்தது. அடியில் தகடு பளபளவென்று தனியாகக் கிடந்தது.

"நியமம் தப்பிவிட்டது! தண்ணீரை வீணாக்கினால் எப்படி நிற்கும்?" என்று அலறினார் சித்தர்.

"அதைத்தானுங்க நானும் சொல்றேன். வீணாக்காம இருந்தா நிக்கும். இதுக்குத் தகடு எதுக்கு? எங்க கோழிக எதுக்கு?"

கூட்டத்தில் எல்லாரும் கோழிகள் இருந்த வேனை நோக்கி ஓடினார்கள். சித்தரும் ஓடினார், எதிர்ப்பக்கம். ஸ்வெட்டர் முள்வேலியில் மாட்டிக்கொண்டது. அதை மட்டும் காணிக்கையாக விட்டுவிட்டு ஜீப்பில் தாவினார்.

செவலையை மார்போடு அணைத்தபடி காளியம்மாள் நடந்தாள். ஆறுக்குட்டி தலைகுனிந்து பின்னால் வந்தார்.

"புள்ள... அந்தத் தகட்டை என்ன பண்றது?"

"பெஞ்சுக் காலுக்கே வைங்க. ஆட்டம் நின்னுதல்ல? அது செஞ்ச அற்புதம் அது ஒண்ணுதான்."

டிரம்மை மூடி வையுங்கள், மக்களே. மூளையைத் திறந்து வையுங்கள். நீங்கள் இத்தனை நாள் மாற்றிச் செய்ததில்தான் சித்தர் ஆம்லெட் சாப்பிட்டார்.