கொடியாரின் நாயும் என் பரங்கிக்காய்க் கஞ்சியும்

விழுப்புரம் ஜங்ஷன் வாசலில் ஓலைக் கொட்டகை போட்டு, ஒற்றை அடுப்பில் சோற்றுக்கடை ஆரம்பித்தவன் நான். மூணாங்கிளாஸுக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைப் பார்த்ததில்லை. அந்த ஓலை ஓடானது. ஓட்டுக்கட்டடம் மாடியானது. திண்டிவனத்தில் மல்லாட்டை எண்ணெய், அதாவது கடலை எண்ணெய், ஆட்ட ஒரு செக்குப் போட்டேன்; செக்கு மெஷினானது. யுத்தத்தில் அரிசிக்கு ஊரே அலைந்த காலத்திலும் என் கடையில் இலை விழாத நாள் கிடையாது. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்புக் கொல்லை வேறு. இத்தனையும் ஒருத்தர் கைகொடுக்காமல் நானே கட்டினேன். ஆனால் நான் கட்டியதிலேயே பெரியது எது என்று கேட்டால், ஒரு நாயின் வயிறு என்பேன்.

நாய்க்குச் சொந்தக்காரர் கொடியார். ரயில் கார்டு. அவரைப் போல ஒரு பிறவி ரயில்வேயில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை, நாளைக்கே ரயில் வானத்தில் ஓடினாலும் வரப்போவதில்லை! பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியும் அவர் கக்கத்தை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. கடைத்தெருவில் மாட்டுவண்டி வந்தால் சிவப்பைக் காட்டி நிறுத்திவிட்டு, தனக்குத்தானே பச்சை காட்டிக்கொண்டு தெருவைக் கடப்பார். என் கடையில் சாப்பிட உட்கார்ந்தால் வாய் திறக்கமாட்டார். சாம்பார் வேண்டுமா, பச்சை. போதுமா, இலைக்கு மேலே சிவப்பு. புதிதாகச் சேர்ந்த பரிமாறுகிறவன் ஒருத்தன் சிவப்பைக் கவனிக்காமல் ரசத்தை ஊற்றிவிட்டான். “சிக்னல் தாண்டிட்டான்” என்று கொடியார் அன்றைக்கெல்லாம் பொருமினார்.

பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனிதர். கடைசிப் பெட்டியான பிரேக்வானில் அவருக்குத் துணை ஒரு செவலை நாய். டிக்கெட் இல்லாமல் வந்துகொண்டிருந்ததால் அதற்கு லக்கேஜ் என்று பெயர் வைத்துவிட்டார்.

லக்கேஜுக்கு வயிறு நிற்காது. ஒரு நாள் கழிச்சல், மறுநாள் வாந்தி, அதற்கு மறுநாள் இரண்டும். விலா எலும்பை எண்ணிவிடலாம். மாட்டாஸ்பத்திரி டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, குடல் பலவீனம், இது ஒரேயடியாய்த் தீராது, ஆயுசுக்கும் பத்தியம் வைத்துச் சமாளிக்கத்தான் முடியும் என்று சொல்லிவிட்டார். பத்தியமா! விஷயம் லைன் முழுக்கப் பரவியதும் ஆளாளுக்கு வைத்தியம். ஒருத்தர் ஓமத்தண்ணி, ஒருத்தர் சுட்ட வசம்பு, ஒருத்தர் மாதுளை ஓடு. நாய் இன்னும் இளைத்தது.

அப்போதுதான் அந்த விபரீதம். பிரேக்வானில் போன மல்லிகைப்பூக் கூடை மேலேயே லக்கேஜ் தன் வேலையைக் காட்டிவிட்டது. மேலிடத்து இன்ஸ்பெக்டர் காதுக்கு அது போயிற்று. அடுத்த மாதம் தானே பிரேக்வானில் ஏறி வரப்போவதாகவும், துளி அசிங்கம் கண்டாலும் நாயை இறக்கிவிட வேண்டியதுதான் என்றும் சொல்லி அனுப்பினார்.

கொடியார் என் கடையில் வந்து உட்கார்ந்தார். எந்தக் கொடியும் எழவில்லை.

“அது எறங்குனா நானும் எறங்கிடுவேன் கடைக்காரரே. அப்பறம் எனுக்கு இன்னா கீது?” என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்த நாயின் வயிற்றுக்குள் என்னதான் போகிறது என்று பார்த்துவிட, கல்லாவை மச்சானிடம் கொடுத்துவிட்டு அவருடைய அடுத்த வண்டியிலேயே ஏறினேன். கடைசிக்கு முந்தின பெட்டியில் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டிக்கொண்டே போனேன். முண்டியம்பாக்கத்தில் வண்டி நின்றதும் பாயிண்ட்ஸ்மேன் ஓடிவந்து கேப்பைக்களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்தார். பேரணியில் ஒரு அம்மாள் சொம்பு நிறையப் பால். மயிலத்தில் மலைக்குப் போய் வந்த பக்தர்கள் பஞ்சாமிர்தம். திண்டிவனத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் மடியிலிருந்து மல்லாட்டை. எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு: “சீக்குப் புடிச்ச வாயில்லாத ஜீவன். வர்ற வழியில ஒர்த்தரும் ஒண்ணும் குடுத்திருக்க மாட்டாங்க.” நோய் பெரிதாகப் பெரிதாக இரக்கமும் பெரிதாகி, அதற்குத் தகுந்த மாதிரி உருண்டையும் பெரிதாகியிருக்கிறது! கண்டுபிடித்தவன் நான்தான்.

நான் சொன்ன பிறகு கொடியார் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி வேண்டாம் என்று கெஞ்சினார். கேட்பார் இல்லை. டாக்டர் சொன்னார் என்றார். “டாக்டருக்கு இன்னா தெரியும்?” என்றார்கள். பிறகுதான் அவர் தலையில் பல்பு எரிந்தது.

அந்தக் காலத்தில் அது ஒற்றைத் தண்டவாளம். ஸ்டேஷன்காரர் கொடுக்கும் வளையம் டிரைவர் கைக்கு வந்தால்தான் வண்டி அடுத்த ஸ்டேஷனுக்கு நகரலாம். வளையம் இல்லாமல் கிளம்பினால் எதிர்வண்டியோடு மோதல். இது ரயில்வேக்காரனுக்குத் தாய்ப்பாலோடு வந்த பயம். கொடியார் ஒரு பித்தளை வளையத்தை வாங்கினார். வளையம் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே லக்கேஜுக்குச் சோறு வைக்கலாம். விழுப்புரத்தில் நான், திண்டிவனத்தில் கூட்ஸ் ஷெட் மேஸ்திரி. நடுவில் ஒருத்தருக்கும் கிடையாது.

“ஒரே லைன்ல ரெண்டு வண்டி வுட்டா இன்னா ஆவும்? ஒரே கொடல்ல ரெண்டு சோறு வுட்டாலும் அதான் ஆவும்” என்று பிளாட்பாரம் பிளாட்பாரமாகப் பிரசங்கம் செய்தார். டாக்டருக்கு மசியாதவர்கள் வளையத்துக்கு மசிந்தார்கள். முண்டியம்பாக்கத்துப் பாயிண்ட்ஸ்மேன் களியைக் கையில் வைத்துக்கொண்டு, வளையம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் தானே தின்றார்.

சரி, என்ன சோறு? அங்கேதான் நான் வருகிறேன். பச்சரிசி நொய்யைக் குழைய வேகவைத்து, பரங்கிக்காயை மசித்துச் சேர்த்து, கொழுப்பு நீக்கின கோழிக்கறியை நாராய்ப் பிய்த்துப் போட்டு, உப்பு, காரம், எண்ணெய் எதுவும் காட்டாமல், ஒரு சிட்டிகை மஞ்சளோடு இறக்குவேன். ஆறின பிறகு தயிரின் மேல் தெளிவு கொஞ்சம். வயிறு மோசமான நாளில் கறியை நிறுத்தி ஆரோரூட் கஞ்சி. கொஞ்சம் கொஞ்சமாய், வேளை தவறாமல். பரங்கிக்காய் என் யோசனை. டாக்டரே தலையாட்டினார்.

லக்கேஜ் தேறியது. ஆனாலும் திடீர் திடீரென்று ஒரு நாள் பழைய கதை. எனக்குச் சந்தேகம். ஒரு நாள் நாயின் மோவாயைத் தடவி முகர்ந்தேன். என் கடை மசால்வடை வாசனை! அந்த வடையை அன்று வாங்கிப்போனது ஒரே ஆள்.

“இன்னா சார் இது?” என்றேன்.

கொடியார் கொடிகளைக் கீழே வைத்தார். அன்றுதான் முதல் தடவை. “பாக்குது கடைக்காரரே. நான் துன்னும்போது பாத்துக்கினே கீது. எப்பிடி முழுங்கறது?”

கொடிகளை மறுபடி எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “நாளையிலேர்ந்து ரெண்டு டப்பா கட்டுங்க. ரெண்டுலயும் ஒரே கஞ்சி” என்றார்.

உப்பில்லாத அந்தக் கஞ்சியை ஓடும் வண்டியில் நாயும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். லைனே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. திண்டிவனத்துக்கு டப்பாவோடு நானும் ஏறினேன். பேரணி தாண்டி வயல்வெளியில் வண்டி கிறீச்சென்று நின்றது. குதித்து ஓடினேன். பிரேக்வான் ஜன்னலுக்கு வெளியே பாதி, உள்ளே பாதியாகச் சிவப்புக்கொடி. உள்ளே இன்ஸ்பெக்டர் கையில் பிஸ்கோத்து. லக்கேஜுக்கு ஆசையாக நீட்டியிருக்கிறார். கொடியாருக்கு வாய் வரவில்லை, கொடி வந்துவிட்டது. டிரைவர் பார்த்துவிட்டார்.

“வண்டி ஏன் நின்னுச்சு?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“டேஞ்சர் சார்.”

“எங்க?”

“உங்க கையில சார்.”

இன்ஸ்பெக்டர் கையைப் பார்த்தார். வளையத்தின் கதையை நான்தான் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் பிரேக்வானை மூலை மூலையாகப் பார்த்தார், சுத்தம். ஒரு டப்பாவைத் திறந்து பார்த்தார். இன்னொன்றைத் திறந்தார். அதுவும் அதே கஞ்சி.

“ரெண்டாவது யாருது?”

“என்னுது சார்” என்றார் கொடியார், தரையைப் பார்த்துக்கொண்டு.

இன்ஸ்பெக்டர் மூடியை மெதுவாக மூடினார். பிஸ்கோத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். “மாடு குறுக்க வந்துச்சுன்னு வச்சிக்குவோம். பச்சை காட்டு, வண்டி போவட்டும்” என்றார்.

அதற்குப் பிறகு லக்கேஜை இறக்கச் சொல்லி ஒருத்தரும் பேசவில்லை. கிழடு தட்டி, முகம் வெளுத்து, ஒரு நாள் ஓடும் வண்டியில் கொடியார் காலடியில் தூங்கினபடியே போயிற்று.

கொடியார் வேலையை விட்டபோது பிளாட்பாரத்தில் மாலை, மேளம், பேச்சு. நாயைக் காப்பாற்றிய மகான் என்றார்கள். வளையத்தின் மகிமை என்றார்கள். பரங்கிக்காயைப் பற்றி ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை!

மறுநாள் மத்தியானம் அவர் என் கடைக்கு வந்தார். தலைவாழை இலை போட்டு வடை பாயசத்தோடு விருந்து வைத்தேன். சோற்றைக் கொண்டுபோனேன், சிவப்பு. சாம்பாருக்குச் சிவப்பு. பாயசத்துக்கும் சிவப்பு. ஏனோ என் கால் தானாக உள்ளே போயிற்று. நொய்யையும் பரங்கிக்காயையும் குழைய வேகவைத்து, உப்புப் போடாமல் கொண்டுவந்து வைத்தேன்.

கொடியார் அதைப் பார்த்தார். பக்கத்தில் காலியாக இருந்த தரையைப் பார்த்தார். பிறகு பச்சையைத் தூக்கினார்.

வளையம் அவருடையது, சம்மதம். ஆனால் கஞ்சி என்னுடையது, அந்தப் பச்சைக்கொடி எனக்குக் காட்டியது. எழுதுகிறவர்கள் அதை என் பெயரில் எழுதவேண்டும்.