கௌதாரி வீட்டுக் கேமராவும் பிறக்காத உடும்பும்

ஒரு காட்டில், சிக்னல் நன்றாகக் கிடைக்கும் பக்கமாக ஒரு சூரைமுள் புதர் இருந்தது. அதன் அடியில் குழந்தைசாமி என்ற கௌதாரியும் அவன் மனைவி பழனாத்தாளும் குடியிருந்தார்கள். காலையில் கறையான் பொறுக்குவார்கள். வெயில் ஏறியதும் மண்ணில் புரண்டு குளிப்பார்கள். யார் வம்புக்கும் போகமாட்டார்கள். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் வந்தது.

பழனாத்தாள் முட்டையிட்டு அடைகாப்பாள். கொஞ்ச நேரம் இரை தேடிவிட்டுத் திரும்பினால் கூடு காலியாக இருக்கும். ஒரு முறை அல்ல, மூன்று முறை இப்படி ஆயிற்று. மூன்றாம் முறை அவள் அழவில்லை. காலிக் கூட்டிலேயே இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். "எந்திரி, ஏதாச்சும் கொத்து" என்று குழந்தைசாமி கெஞ்சியபோது, "எடுத்தது யாருன்னாவது தெரியணுமுங்க" என்றாள்.

"தெரிஞ்சு?"

"மொதல்ல தெரியட்டும்."

ஆகவே இருவரும் கேமரா வாங்கப் புறப்பட்டார்கள்.

ஆற்றங்கரை மருதமரத்தில் பச்சோந்தி வண்ணமுத்து கேமரா கடை வைத்திருந்தான். அந்தத் தொழிலுக்கென்றே பிறந்தவன். ஒரு கண்ணால் குழந்தைசாமியையும் மறு கண்ணால் பழனாத்தாளையும் பார்த்தபடி வியாபாரம் பேசுவான்.

"உருண்டையா இருக்கற டோம் கேமரா வேணுமா, நீளமா இருக்கற புல்லட் கேமரா வேணுமா?"

"புல்லட் வேண்டாமுங்க. பேரைக் கேட்டாலே பறந்துடலாம்னு தோணுது" என்றான் குழந்தைசாமி.

"அப்ப டோம். ரெண்டு மெகாபிக்சலா, அஞ்சா?"

"என்னங்க வித்தியாசம்?"

"ரெண்டுல திருடன் தெரிவான். அஞ்சுல அவன் மூஞ்சியில இருக்கற திருப்தியும் தெரியும்."

அஞ்சே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. அடுத்து ரெக்கார்டர். நான்கு கேமரா மாட்டுவதா, எட்டு மாட்டுவதா, பதினாறா என்று வண்ணமுத்து கேட்டான்.

"எங்களுக்கு ஒரே ஒரு கூடுதானுங்க."

"இன்னிக்கு ஒரு கூடு. நாளைக்குப் பசங்க பொறந்து, அவங்க தனிக்குடித்தனம் போனா?"

பசங்க என்ற சொல்லைக் கேட்டதும் பழனாத்தாளின் கழுத்து இறகு சிலிர்த்தது. எட்டு கேமரா மாட்டும் ரெக்கார்டரே வாங்கினார்கள். கூடவே ஒரு டிவி, ஹார்ட் டிஸ்க், கட்டுக்கட்டாக வயர். இதையெல்லாம் இயக்க ஒரு மவுஸும் வேண்டும் என்று வண்ணமுத்து சொன்னபோது, கடை வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சுண்டெலி சத்தமில்லாமல் நழுவியது.

கிளம்பும்போது பழனாத்தாள் ஒரு கேள்வி கேட்டாள். "திருடன் வந்தா இது தடுக்குமுங்களா?"

"தடுக்காது" என்றான் வண்ணமுத்து பெருமையாக. "ஆனா பிரமாதமா தெரியும்."

கேமராவைப் புதரின் மேல்கிளையில் மாட்டினார்கள். ரெக்கார்டரையும் டிவியையும் பத்தடி தள்ளி ஒரு பாறை மறைவில் வைத்தார்கள். திரையில் நீலமாக ஒரு கட்டம் வந்தது. அதன் நடுவில் 'வீடியோ இல்லை' என்று எழுதியிருந்தது. மீதி ஏழு கட்டங்களிலும் அதே எழுத்து.

"எட்டுலயும் ஒரே மாதிரி வருதே, நல்ல கம்பெனிதான் போல" என்றான் குழந்தைசாமி.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டார்கள். எடுத்தது ஒரு மைனா. "படம் வராவிட்டால் ஒன்றை அழுத்தவும். ஒலி வராவிட்டால் இரண்டை அழுத்தவும். திருடன் வந்துவிட்டால் காத்திருக்கவும்" என்றது. ஒன்றை அழுத்தியதும் வேறொரு மைனா வந்தது.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?"

"பண்ணினேனுங்க."

"மறுபடியும் பண்ணுங்க."

"எத்தனை தடவைங்க?"

"படம் வர்ற வரைக்கும் சார்."

பதினோராவது தடவை படம் வந்தது. கூடு தெரிந்தது. கூட்டின் ஒவ்வொரு சருகும் தனித்தனியாகத் தெரிந்தது. அந்த வாரமே அவள் ஆறு முட்டைகள் இட்டாள்.

இப்போது வேறு தொல்லை ஆரம்பித்தது. கூட்டருகே எது அசைந்தாலும் போனுக்குத் தகவல் வரும்படி வண்ணமுத்து அமைத்துக் கொடுத்திருந்தான். காட்டில் எதுதான் அசையாது? இலை அசைந்தது, போன் கத்தியது. எறும்பு போயிற்று, போன் கத்தியது. போன் கத்தியதில் பழனாத்தாள் திடுக்கிட்டு அசைந்தாள். உடனே போன் மறுபடியும் கத்தியது. ஒரே பகலில் நானூறு எச்சரிக்கைகள். எல்லாவற்றையும் ஓடியோடிப் பார்த்த குழந்தைசாமிக்கு ஒரு கால் சுளுக்கிக்கொண்டது. கடைசியில் அந்த வசதியையே நிறுத்திவிட்டு, டிவி முன்னால் உட்கார்ந்து நேராகவே பார்ப்பது என்று முடிவு செய்தான்.

பார்த்தால், பழனாத்தாளின் முதுகுதான் தெரிந்தது.

"ஏம் பழனாத்தா, நீ உக்காந்திருந்தா முட்டை தெரிய மாட்டேங்குது!"

"அடைகாத்தா உக்காந்துதானுங்க ஆகணும்."

"திருடன் வந்தா உன் முதுகுதான் பதிவாகும். கொஞ்சம் நகரேன். அஞ்சு மெகாபிக்சல் வீணாப் போகுது."

அவள் நகர்ந்தாள். நகர்ந்தவள், முட்டை எப்படித் தெரிகிறது என்று பார்க்கப் பாறை மறைவுக்கு வந்தாள். ஆறு முட்டைகளும் திரையில் முழுசாகப் பளிச்சென்று இருந்தன. பெற்றவளே அவற்றை இவ்வளவு நன்றாகப் பார்த்ததில்லை. இருவரும் இறக்கையோடு இறக்கை உரச உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது திரையின் ஓரத்தில் ஒரு பிளவுபட்ட நாக்கு தெரிந்தது. பின்னால் மூக்கு வந்தது. பிறகு மொத்த உடும்பும் வந்தது.

"அடேயப்பா, செதில் செதிலாத் தெரியுதே!" என்றான் குழந்தைசாமி.

அந்த ஒரு வாக்கியம் சொல்லும் நேரம்தான் தாமதம். பழனாத்தாள் அலறிக்கொண்டு ஓடினாள். பத்தடிதான். போய்ச் சேர்ந்தபோது கூட்டில் ஓட்டுத் துண்டுகூட இல்லை. அவள் கூட்டின் மேல் இறக்கையை விரித்துப் படுத்துவிட்டாள். வாங்கிய பொருளின் தரத்தைப் பற்றி அன்று முழுவதும் குழந்தைசாமி வாய் திறக்கவில்லை.

ஆனாலும் சாட்சி கிடைத்துவிட்டதே. ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனார்கள். அங்கே காட்டெருமை மாரண்ணன் ஏட்டாக இருந்தார். நேர்மையானவர். எதையும் முழுதாகப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். பதிவைப் பார்த்ததுமே, "இது ராக்கியண்ணன் இல்ல? ஓடைப் பக்கத்து உடும்பு!" என்று அடையாளம் சொல்லி ஆளனுப்பினார். ராக்கியண்ணன் வந்து பணிவாக வாலைச் சுருட்டிக்கொண்டு நின்றான்.

ஏட்டு பதிவை இன்னொரு முறை போட்டார். திரையின் மூலையில் சின்னதாக எழுதியிருந்ததைப் படித்தார். அவர் முகம் மாறியது.

"இதுல என்ன தேதி போட்டிருக்கு?"

"எங்களுக்கு எழுத்துக்கூட்டித்தானுங்க படிக்க வரும்."

"ரெண்டாயிரமாம் வருஷம், ஜனவரி ஒண்ணு. ஏம்ப்பா ராக்கியண்ணா, உனக்கு என்ன வயசு?"

"எட்டுங்க ஐயா."

"அப்ப திருட்டு நடந்தப்ப நீ பொறக்கவே இல்ல."

"இல்லீங்க ஐயா" என்றான் ராக்கியண்ணன், அவனுக்கே ஆச்சரியமாக.

"நேத்து நடந்ததுங்க! நாங்க கண்ணால பார்த்தோமுங்க!" என்று கத்தினாள் பழனாத்தாள்.

"கண்ணால பார்த்ததுக்கு என்னம்மா சாட்சி?"

"இந்த ரெக்கார்டருங்க."

"அது ஜனவரி ஒண்ணுங்குது. நீங்க ரெண்டு பேரும் அப்ப பொறந்திருந்தீங்களா?"

"இல்லீங்க."

ஏட்டு பேனாவை மூடினார். "பொறக்காத உடும்பு, பொறக்காத கௌதாரியோட முட்டையத் தின்னுடுச்சுன்னு நான் எப்படி எழுதறது? மேலிடத்துல இதைப் படிக்கறவங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

வழக்கு அத்துடன் முடிந்தது. அங்கிருந்து நேராக வண்ணமுத்துவின் கடைக்குப் போனார்கள். அவன் தேதியைப் பார்த்துவிட்டு மரப்பட்டை நிறத்துக்கு மாறினான். "ஒரு வருஷ வாரண்டி உண்டுங்க. ஆனா உங்க மெஷின் ஓட ஆரம்பிச்சது ரெண்டாயிரத்துலங்குதே. வாரண்டி முடிஞ்சு ரொம்ப காலம் ஆச்சு" என்றான். அதற்கு மேல் அவன் எங்கே இருக்கிறான் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் காலை, வெயில் சுள்ளென்று அடிக்கும் நேரம், புதர் வாசலில் ராக்கியண்ணன் வந்து நின்றான்.

"இன்னும் என்ன பாக்கி இருக்குன்னு வந்தே?" என்று குழந்தைசாமி குதித்தான். காலில் சுளுக்கு இருந்ததால் அதிகம் குதிக்க முடியவில்லை.

"கோவிச்சுக்காதீங்க. ராத்திரி பூரா மனசு கேக்கல" என்றான் ராக்கியண்ணன். "தின்னது நான்தானுங்க. முந்தாநேத்துத் தின்னதை இருபது வருஷத்துக்கு முந்தின தேதியில போட்டா, என் வேலைக்கு என்னங்க மரியாதை? அந்த மெஷினைக் கொண்டாங்க."

அவன் ரெக்கார்டரைத் திருப்பி, நகத்தால் மூடியை நெம்பி, உள்ளேயிருந்து பொட்டு அளவில் ஒரு பேட்டரியை எடுத்தான். "இந்தச் சின்ன செல்லு செத்துப்போச்சு. கரண்டு போனா மணி, தேதி எல்லாம் மறந்துடும். புதுசு போட்டாச் சரியாயிடும்." பிறகு நிமிர்ந்து கேமராவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "யாரு இதை மேல மாட்டினது? நான் கீழ வேர் வழியா வந்தேன். கூட்டுக்கு வந்து சேர்ற வரைக்கும் அதுல நான் விழவே இல்ல. லென்ஸுல சிலந்தி நூல் விட்டிருக்கு. வயரை அணில் கடிச்சிருக்கு. ஹார்ட் டிஸ்க் நிறைஞ்சாப் பழசை அழிச்சுப் புதுசைப் பதியற மாதிரியும் வைக்கல."

"உனக்கு எப்படிடா இதெல்லாம் தெரியும்?"

"இந்தக் காட்டுல கேமரா வெச்ச எல்லா வீட்டுக்கும் நான் போயிருக்கேனுங்க. வண்ணமுத்து ஒரு வீட்டுக்காவது வந்திருப்பானா?"

பழனாத்தாள் கூட்டிலிருந்து எழுந்து அவன் மூக்குக்கு நேராக வந்து நின்றாள்.

"என் புள்ளைங்களை ஏன் தின்னே?"

ராக்கியண்ணன் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டான். "பசிங்க" என்றான்.

"சரி, கேட்டுக்க" என்றாள் பழனாத்தாள். "நான் மறுபடியும் முட்டை வைப்பேன். இந்தக் கேமராவை நீதான் பார்த்துக்கணும். யாரும் கிட்ட வரக்கூடாது. எல்லாம் பொரிச்ச பிறகு, பொரியாத கூமுட்டை எத்தனை மிஞ்சுதோ அத்தனையும் உனக்கு. பொரியறதுக்கு முந்தி ஒண்ணு குறைஞ்சாலும் உனக்கு வேலை போச்சு."

குழந்தைசாமி அவளைத் தனியாக அழைத்து, உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று கேட்டான். "வேற யாருக்குங்க அந்த மெஷின் பத்தித் தெரியுது?" என்றாள் அவள்.

பழனாத்தாள் ஒன்பது முட்டைகள் இட்டாள். மூன்று வாரம் அவள் அசையாமல் அடைகாத்தாள். ராக்கியண்ணன் தினமும் லென்ஸைத் துடைத்தான், வயரைச் சரிபார்த்தான். ஒரு நாள் கீரி ஒன்று மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தபோது, "இது நான் வேலை பாக்கற சைட்டு!" என்று வாலால் விளாசி ஆற்றங்கரை வரைக்கும் துரத்திவிட்டு வந்தான். வாலில் கடிபட்டிருந்தது. பழனாத்தாள் ஒரு பச்சிலையைக் கொத்தி அவன் பக்கமாகப் போட்டாள்.

இருபத்தோராம் நாள் ஓடுகள் விரிசல் விட்டன. ஏழு குஞ்சுகள் ஈரமாக வெளியே வந்து, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, கொஞ்ச நேரத்திலேயே தாயின் பின்னால் ஓட ஆரம்பித்தன. பழனாத்தாள் நாலடிக்கு ஒருமுறை நின்று எண்ணினாள். ஏழு. மறுபடி எண்ணினாள். ஏழு. குழந்தைசாமி பாறை மறைவுக்கு ஓடி டிவியைப் போடலாமா என்று யோசித்து, போகாமல் நின்றான். பின்னால் கூட்டில் இரண்டு கூமுட்டைகள் கிடந்தன. ராக்கியண்ணன் அவற்றைச் சாப்பிட்டுவிட்டு, ரசீது எழுதிக் கொடுத்தான்.

விஷயம் காடு முழுவதும் பரவியது. கேமரா வைத்திருந்த எல்லோரும் ராக்கியண்ணனைத் தேடி வர ஆரம்பித்தார்கள். இதற்கு முன் எந்தெந்த வீடுகளில் திருடியிருக்கிறான் என்ற பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்து, பெரிய அனுபவசாலிதான் என்று திருப்தியோடு வேலை கொடுத்தார்கள். அந்தப் பட்டியலில் தன் பெயர் இல்லாததைக் கண்டு, குன்றுமேட்டுக் காடை ஒருத்திக்கு முகம் வாடிவிட்டது.

"நாங்களும் புதுசாக் கேமரா வைக்கலாம்னு இருக்கோமுங்க. எங்க மாட்டறதுன்னு தெரியல" என்றாள் அவள் தயங்கித் தயங்கி. "நீங்க ஒரு தடவை வந்து திருடிட்டுப் போனீங்கன்னா எங்களுக்குப் புரிஞ்சுடும்."

ராக்கியண்ணன் தன் டைரியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வருத்தத்தோடு தலையை ஆட்டினான்.

"இந்த மாசம் முழுக்க வேலை இருக்குதுங்க. அவசரம்னா கீரியை அனுப்பி வைக்கறேன். இப்பத்தான் பழகறான், ஆனா சுத்தமா செய்வான்."

நீதி: திருடனைப் பிடிக்கக் கேமரா வாங்காதீர்கள். கேமரா வாங்கிவிட்டீர்கள் என்றால், உடனே ஒரு நல்ல திருடனைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.