வெடிக்க மறுத்த விண்கப்பல்

மதியம் இரண்டு மணிக்கே விண்கப்பல் வெடித்துவிட்டது. நாலு மணிக்குத்தான் வெடிக்க வேண்டும்.

"கரண்ட் போச்சு!" என்றான் உமர், முகமெல்லாம் மைதாவுடன்.

"உங்க மூஞ்சியே சொல்லுது" என்றாள் அவன் மனைவி நஃபீசா.

மேற்குத் தாம்பரத்தில் யூபிஎஸ் பழுதுபார்க்கும் உமருக்கு இது மானப் பிரச்சினை. பிரவுசிங் சென்டரில் உருவான, டி.வி. விண்கப்பல் தொடரின் ரசிகர் மன்றத்துக்கு மூன்று வருடமாக அவன்தான் 'தலைமைப் பொறியாளர்'. தொடரில் கேப்டன் ரகசிய எண்ணைச் சொன்னதும் கப்பல் தானே வெடிக்கிறதே, அது எப்படி? "உள்ள தனியா ஒரு வெடிகுண்டு வச்சிருப்பாங்க" என்பது மன்றத்தில் அவனுக்குப் போட்டியான தினகரன் கட்சி.

"குடியிருக்கிற வீட்ல எவனாவது குண்டு வச்சுக் கட்டுவானா, மச்சான்? எரிபொருளைக் காந்தம்தான் பிடிச்சுக்கினு இருக்கு. அதை அணைச்சா போதும், கப்பல் காலி!" என்பது உமர் கட்சி. இன்று நிரூபிக்காவிட்டால் பட்டம் தினகரனுக்கு.

ஏற்பாடு எளிமையானது. தெர்மாகோல் கப்பலுக்குள் மைதா அடைத்த பலூன். அதற்கு மேலே, மின்காந்தம் பிடித்திருக்கும் கூரான ஆணி. மின்சாரம் நின்றால் காந்தம் விடும், ஆணி விழும், டமார்!

புதுப் பலூன் வைத்து யூபிஎஸ்ஸை இணைத்தான். கீழ்வீட்டு கங்கையம்மாள் மோட்டார் போட்டார். வோல்டேஜ் இறங்கி, யூபிஎஸ் விழித்துக்கொள்வதற்குள் டமார்.

"ஏங்க, கடைசி டம்ளர் மைதா. சாயங்காலம் போண்டா கிடையாது."

விடுவானா உமர்? பைக் பேட்டரி ஒன்று, அதற்குத் துணையாக இன்னொன்று, அதற்கும் துணையாக நஃபீசாவின் எமர்ஜென்சி லைட் பேட்டரி. வயர் கழன்றுவிடாமல் எல்லா முனையிலும் சால்டர்.

நாலு மணி. ரசிகர்கள் ஏழு பேரும் பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். உமர் ரகசிய எண்ணைக் கம்பீரமாக முழங்க, கூட்டம் கத்தியது: "மூணு! ரெண்டு! ஒண்ணு!"

சுவிட்சை அணைத்தான். யூபிஎஸ் 'கீங்' என்றது. ஆணி அசையவில்லை.

யூபிஎஸ்ஸை அணைத்தான். பைக் பேட்டரி பிடித்துக்கொண்டது. அதன் வயரை வெட்டினான். இரண்டாவது பேட்டரி ஏந்திக்கொண்டது.

"இன்னா பாய், கப்பல் சாவ மாட்டேங்குது?" என்றான் ரசிகர்களில் ஒருவனான சவுரிமுத்து.

"நிதானமா பண்ணு மச்சான், எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றான் தினகரன்.

"டேய், விண்கப்பல்னா சும்மாவா? ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கணும். அதுதான்டா இன்ஜினியரிங்!" வியர்வை வழிய உமர் உற்சாகமாக விளக்கினான்.

டீத் தட்டுடன் வந்த நஃபீசா, ஆணியைப் பார்த்தாள், பேட்டரிகளைப் பார்த்தாள்.

"எது போனாலும் நிக்காத மாதிரி கட்டிட்டு, அணைச்சா வெடிக்கணும்னா எப்படிங்க? அதுக்குத் தனியா ஒரு வெடிகுண்டுதான் வைக்கணும்."