அரைத் தட்டு

கோலார் தங்கவயலில் தரை அதிர்ந்தால் இரண்டே காரணம்தான். சுரங்கத்துக்குள் பாறை வெடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜாஸ் நைனா டிரம்முக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். பாறையாவது ஒரு தடவையோடு விட்டுவிடும்.

அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் கிளப்பில் துரைமார் டான்ஸ் ஆட ஜாஸ் வாசித்தவர். சண்டைக் காலத்தில் பெங்களூர் ராணுவத் தண்டில் சோல்ஜர்களுக்கு வாசித்தார். அப்புறம் ஒரு சர்க்கஸ். அது படுத்ததும் ராபர்ட்சன்பேட்டை கல்யாண பேண்டு. எங்கே போனாலும் அடி ஒன்றுதான். ஒரு சாவு ஊர்வலத்தில் அவர் அடித்த வேகத்தில், பாடை தூக்கியவர்கள் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது குழி முழங்கால் ஆழம்கூட வெட்டியாகவில்லை. செத்தவரின் மகன் சண்டைக்கு வந்தான்.

"இன்னாய்யா, எங்கப்பனுக்கு ரயிலு போயிடுமா?"

நைனா குச்சியைத் துடைத்துக்கொண்டே, "உங்கப்பன் மெதுவா போற ஆளாடா? ஷிப்ட் முடிஞ்சா சாராயக்கடைக்கு மொத ஆளு அவன்தான்" என்றார். அழுதுகொண்டிருந்த பிள்ளை சிரித்துவிட்டான்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். சுரங்க ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்ததும் கிடைத்த முதல் பெரிய வேலை, நைனா மீதான விசாரணையை எழுதுவது.

பேண்டு போக, அவருக்கு உத்தியோகம் சுரங்கக் குழியான ஷாஃப்ட்டின் வாசலில் மணி அடிப்பது. ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் என்கிற இரும்புக் கூண்டு பாதாளத்துக்கு இறங்கும். அதை இறக்குகிற இன்ஜின் டிரைவர் தள்ளி ஒரு கொட்டகையில் இருப்பார். அவருக்குக் கூண்டு தெரியாது, மணிதான் கேட்கும். ஆட்கள் என்றால் மூன்று மணி. நைனா மூன்றை அடித்துவிட்டு, கூடவே செல்லமாக ஓர் அரைத் தட்டும் தட்டுகிறார் என்று புகார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்பது உயிர் தொங்கும் கயிற்றிலா ஜாஸ்?

நிரூபணமானால் வேலை போய்விடும் என்று அதிகாரி சொல்லிவிட்டார். சாட்சி, டிரைவர் ஆறுமுகம். நைனா கதை முடிந்தது என்றே நினைத்தேன். லைன் வீட்டில் இருவருக்கும் நடுவில் ஒரே சுவர். டிரம் சத்தத்தால் பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

"அரைத் தட்டு தட்டுறாரா?" என்றார் அதிகாரி.

"தட்றான் சார்" என்றார் ஆறுமுகம்.

நைனா தலையைக் குனிந்துகொண்டார்.

"தினமுமா?"

"இல்ல சார். புது ஆளு மொத தபா எறங்குற அன்னிக்கு மட்டும்தான். கேஜ் சர்ருனு எறங்குனா புதுப் பசங்களுக்குக் கொடலு வாய்க்கு வந்துடும். அந்தத் தட்டு கேட்டா நானு நிதானமா எறக்குவேன்."

என் பேனா நின்றுவிட்டது. அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்தார்.

"ரெண்டு பேரும் இப்படிப் பேசி வச்சிருக்கீங்களா?"

"இவன்கூட எவன் சார் பேசுவான்?"

நைனாவின் வேலை தப்பியது. ஆனால் மூன்றுக்கு மேல் ஒரு தட்டு விழுந்தாலும் அன்றே டிஸ்மிஸ் என்று எழுத்து மூலம் உத்தரவு. டைப் அடித்தவன் நான். நைனாவிடம் கையெழுத்து வாங்கப் போனபோது, "படிச்சுக் காட்டுபா" என்றார். காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்லா எழுதிக்கீற" என்றார்.

பதினைந்தே நாளில் என் தம்பிக்குச் சுரங்கத்தில் வேலை கிடைத்தது. படிப்பு ஏறாத பையன். முதல் ஷிப்ட் முடிந்து வந்து சோற்றுத்தட்டின் முன்னால் உட்கார்ந்தவனிடம், "பயந்துட்டியாடா?" என்றேன்.

"இல்லண்ணா. எல்லாரும் சும்மா பயம் காட்டிக்கினு இருந்தாங்க. மெத்துனுதான் போச்சு."

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். "மணி எத்தினி அடிச்சாங்க?"

"மூணுண்ணா. அப்பால இன்னாவோ ஒண்ணு, இத்தினூண்டு..."

"மூணுதான்" என்றேன். "சாப்புடு."