அக்காவின் மாத்திரை

பாடம் நடத்திப் பிழைப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாரும் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லிவிடுவோம். எனக்கு அது முற்றியிருந்த காலத்தில், பதுளை டவுனில் ஆள் நிறைந்த ஒரு மருந்துக்கடையில் வாயைத் திறந்து, நிச்சயமான என் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தேன்.

அப்போது நான் ஹாலிஎலயில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா இல்லாத வீட்டில் என்னைப் படிக்கவைத்தது தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த அக்காதான். அவளுக்கு முதலில் மலையேறினால் மூச்சு வாங்கியது. பிறகு லயத்து வீட்டு வாசலிலிருந்து தண்ணீர்ப் பைப்படிக்குப் போனாலே வாங்கியது. நுரையீரல் குழாய்களில் அழுத்தம் ஏறி இதயம் களைத்துவிட்டது, குணப்படுத்த முடியாது, மாத்திரை போட்டால் கொஞ்சம் இலேசாக இருக்கும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் அந்த மாத்திரை முடிந்திருந்ததால் வெளியே வாங்கப் போனேன்.

கடைக்காரர் டாக்டர் எழுதிய துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"தம்பிக்குக் கல்யாணமா?"

"ஆமாங்க, தையில!" (எவ்வளவு பெருமை!)

"அதுக்குள்ள எதுக்கு இது? பயப்படாதீங்க, எல்லாம் சரியா வரும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மாத்திரையை உலகம் வேறொன்றுக்காக அறியும்.

"எனக்கில்லங்க, அக்காவுக்கு!" என்று கத்தினேன்.

கடையே திரும்பிப் பார்த்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இது நுரையீரலுக்குங்க! ரத்தக்குழாயத் தளர்த்த உடம்புல சக்கர ஜி.எம்.பி.ன்னு ஒரு பொருள் இருக்கு. அத உடைக்கிற நொதியம் பொஸ்போடைஎஸ்டரேஸ். மாத்திர அந்த நொதியத்தத் தடுக்குது, குழாய் விரியுது. அந்த நொதியம் முக்கியமா ரெண்டு எடத்துல இருக்கும். ஒண்ணு நுரையீரல்..."

வகுப்பில் நிற்பதுபோல் விரலை உயர்த்தியபடியே நின்றுவிட்டேன்.

"மத்தது எங்க சேர்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கடை குலுங்கியது. சிரிக்காமல் நின்றவர் ஒருவர்தான். கையில் இருமல் மருந்தோடு, லுணுகலையிலிருந்து வந்திருந்த, எனக்கு நிச்சயித்த பெண்ணின் தாய்மாமா.

அன்று மாலையே பெண் வீட்டிலிருந்து போன் வந்தது. "இப்ப வேணாங்க. பொறகு பார்ப்போம்."

அக்காவிடம் சொன்னேன். சிரித்தாள். சிரிப்பு இருமலாகி உதடு நீலம் பாரித்தது.

"சிரிக்காதக்கா!"

"சிரிக்கவும் கூடாதுன்னா அப்புறம் எதுக்குடா அந்த மாத்திர?"

ஞாயிற்றுக்கிழமை நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, "வா, லுணுகலைக்குப் போவோம்" என்றாள். பஸ்ஸை விட்டு இறங்கினால் பெண் வீட்டுக்கு ஏற்றம். நாலடிக்கு ஒருதரம் கல்லில் உட்கார்ந்தாள். தூக்கிக்கொள்ளவா என்று கேட்டேன்.

"வேணாம். அதுக்கும் பாடம் நடத்துவ."

வீட்டை அடைந்தபோது அவளால் பேச முடியவில்லை. மாமா வெளியே வந்தார். உள்ளங்கையிலிருந்த மாத்திரையை அவரிடம் காட்டினாள். கல்யாணப்பெண் செல்வி தண்ணீரோடு ஓடிவந்தாள். எல்லாரும் பார்க்க அதை விழுங்கிவிட்டு, மூச்சு திரும்பும்வரை அக்கா அப்படியே உட்கார்ந்திருந்தாள். செல்வி முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இது என் மாத்திரைங்க. என் தம்பிக்கு வாயிலதான் கோளாறு. அதுக்கு மருந்து கெடையாது."

மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

தையில் கல்யாணம் நடந்தது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லாரையும் விரட்டி வேலை வாங்கினாள். அடுத்த மழைக்காலம் வருமுன் போய்விட்டாள். அட்டையில் மாத்திரைகள் மிச்சம் இருந்தன. பாடையைத் தூக்கியவர்களில் மாமாவும் ஒருவர்.

ஒவ்வொரு வருஷமும் அக்காவுக்குப் படையல் வைத்துச் சாப்பிட்ட பிறகு, எங்கள் பிள்ளைகள் மாமாவைச் சூழ்ந்துகொள்வார்கள். மருந்துக்கடையில் நான் விரலை உயர்த்தி நின்றதை அவர் நடித்துக் காட்டுவார். நானும்தான் சிரிப்பேன். அக்கா ஏற்றத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த இடம் வரும்போது, மாமா எழுந்து வெளியே போய்விடுவார்.

மிச்சத்தைச் செல்விதான் சொல்லி முடிப்பாள்.