குவள நாட்டு மாடும் காவிரிப் பாலமும்

உலகத்திலேயே இல்லாத இரண்டு நாடுகளின் இருநூறு ராஜாக்களையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கக்கூடிய ஒரே மனிதர், திருச்சி தில்லை நகரில் எங்கள் அறையில்தான் இருந்தார். கூரியர் ஆபீஸில் வேலை. நாங்கள் வைத்த பெயர் மந்திரி.

குவள நாடு, நெருஞ்சி நாடு இரண்டும் அவருடைய கற்பனை. அங்கே மாடுகள் பறக்கும், மேகத்தை மேயும். குவளத்து மாடு நெருஞ்சியின் மேகத்தை மேய்ந்துவிட்டதில் ஏழு தலைமுறைச் சண்டை. பதினோரு நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். மெஸ்ஸில் சாம்பார் மோசமான நாட்களில் ஏதாவது ஒரு ராஜா கவிழ்வார்.

ஆனால் ஒரு வரியைக்கூடத் தன்னிஷ்டத்துக்கு எழுத மாட்டார். அறை நண்பன் துரை குவளத்தின் தூதர். நான் நெருஞ்சியின் தூதர். இருவரும் பேசி ஒப்புக்கொண்டால்தான் நோட்டில் ஏறும்.

"சரித்திரங்க இது. நான் ஒருத்தனா முடிவு பண்ணா வெறும் கதையாயிடும்" என்பார்.

இந்த நிலையில் துரை என் பைக்கைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு துறையூருக்குப் போய்விட்டான். அன்று கே.கே. நகரில் எனக்கு இன்டர்வியூ. பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதன்பின் மூன்று மாதம் நாங்கள் பேசவில்லை. ஐந்து வருஷ நட்பு. உள்ளுக்குள் வலிக்கத்தான் செய்தது. முதலில் வாயைத் திறந்தால் கௌரவம் என்ன ஆவது? நோட்டும் அப்படியே கிடந்தது.

அப்போது மந்திரிக்கு மதுரைக்கு மாற்றல் வந்தது.

"ஏழு தலைமுறையா அடிச்சுக்கறாங்க. சமாதானம் பண்ணி வைக்காம நான் எப்படிங்க ஊரைவிட்டுப் போறது?" என்று நிஜமாகவே கண் கலங்கினார். அவருக்காக இருவரும் சம்மதித்தோம்.

சமாதானம் இரு நாட்டுக்கும் பொதுவான இடத்தில்தான் நடக்க வேண்டுமாம். காவிரிப் பாலத்தை அடி அடியாக அளந்து, நடுவில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டார். ஸ்ரீரங்கம் பக்கமிருந்து துரை வந்தான், திருச்சி பக்கமிருந்து நான். பஸ் ஹாரன்களுக்கு நடுவே மந்திரி ஷரத்துகளை உரக்க வாசித்தார்.

பூக்கூடையோடு போன ஓர் அம்மா நின்று, "ஏங்க, இடத் தகராறா?" என்றார்.

"மேகத் தகராறுங்க" என்றார் மந்திரி. அந்த அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டார்.

"நாலாவது ஷரத்து. நெருஞ்சி மேகத்தைக் குவளத்து மாடு கேக்காம மேயக் கூடாது."

துரை சாக்பீஸ் கோட்டையே பார்த்தான். "கேக்காம மேஞ்சது தப்புதான்டா. அன்னிக்கு நெருஞ்சிக்கு அவ்வளவு முக்கியமான நாள்னு குவளத்துக்குத் தெரியாது."

நான் கோட்டுக்கு இன்னும் ஓரடி நெருங்கினேன். "விடுடா, வேற மேகம் வரும். நெருஞ்சி மூணு மாசமா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டதும் தப்புதான்."

"இதெல்லாம் ஷரத்துல இல்லையே!" என்று பதறி நோட்டைப் புரட்டினார் மந்திரி.

கையெழுத்தான பிறகு கேட்டேன். "எங்க சண்டையத் தீர்க்கத்தானே இவ்வளவும் பண்ணீங்க?"

"உங்களுக்குள்ள சண்டையா?" என்று விழித்தார். "நாட்டுப் பற்றுன்னுல்ல நெனச்சேன்!"

போன வாரம் மதுரையிலிருந்து வாட்ஸ்அப் வந்தது. நெருஞ்சியில் மழை இல்லையாம். குவளம் மேகம் தருமா என்று தூதர்கள் சொல்ல வேண்டுமாம். துரைக்குப் போன் போட்டேன். தரலாம் என்று ஒரே நிமிஷத்தில் ஒப்புக்கொண்டோம். ஆனால் வாட்ஸ்அப்பில் சொன்னால் செல்லாது, நோட்டோடு பாலத்துக்கு நேரில் வாருங்கள் என்று பதில் எழுதினோம். அவரைப் பார்க்க எங்களுக்கு வேறு சாக்கு கிடைக்கவில்லை.